டாலி ஆனால் மட்டும் போதுமா?

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், வணிகவியல் துறையின் முன்னாள் மாணவரான ஆடிட்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும், பிள்ளைகளுக்குப் பயன்படுற மாதிரி இருக்கட்டும். வெற்றிக்கு வழின்னு ஏதாவது பேசுங்களேன்" என்றார். வெற்றிக்கு வழி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு. அதிலும் இந்தக் கல்லூரியில் நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தாவரவியல், வரலாறு படிப்பவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். உங்கள் வீட்டுப் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

நான் 1986-ல் இங்கே பி.காம். சேர்ந்தேன். அப்பா மதுரையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவுத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். மூன்றாம் வருஷம் எங்களுக்கு கார்ப்பரேட் அக்கவுண்டிங் பாடம். அதன் கடைசிப் பகுதியில் வருவதுதான் ஹோல்டிங் கம்பெனி கணக்கு. குழுமக் கணக்கு என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்குகளைப் பாதிக்கு மேல் வாங்கித் தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. முதலாவது தாய்க் கம்பெனி, இரண்டாவது துணைக் கம்பெனி. இரண்டுக்கும் தனித்தனியே ஐந்தொகை இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று வைத்து ஒரே ஐந்தொகை தயார் செய்ய வேண்டும். கேள்வி இவ்வளவுதான். ஆனால் பரீட்சையில் பாதிப் பேர் சாய்ஸில் விட்டுவிடும் கேள்வி அது.

நான் விடவில்லை. கல்லூரி உள்தேர்வில் 20 மார்க் கேள்வியாக அது வந்தது. எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். துணைக் கம்பெனியின் பங்கு மூலதனம் 10 லட்சம். அதன் கையில் ஏற்கெனவே சேர்ந்திருந்த காப்பு நிதி 5 லட்சம். ஆக, அதன் நிகரச் சொத்து 15 லட்சம். தாய்க் கம்பெனி அதில் 80 சதவீதப் பங்கை 14 லட்சம் கொடுத்து வாங்குகிறது. நான் போட்டேன். மூலதனத்தில் 80 சதவீதம் 8 லட்சம், கொடுத்த விலை 14 லட்சம், வித்தியாசம் 6 லட்சம் நற்பெயர். அந்த 5 லட்சம் காப்பு நிதியில் 80 சதவீதமான 4 லட்சத்தைத் தாய்க் கம்பெனியின் லாபத்தோடு சேர்த்தேன். மீதி 20 சதவீதத்துக்கு உரிய 3 லட்சத்தை மைனாரிட்டி பங்குதாரருக்குக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கூட்டினால் பைசா சுத்தமாக டாலி ஆயிற்று. இன்றைய மாணவர்கள் டாலி என்றதும் கம்ப்யூட்டர் சாப்ட்வேரை நினைப்பீர்கள். நாங்கள் சொன்ன டாலி, ஐந்தொகையின் இரு பக்கமும் சமமாக வருவது. அது வந்துவிட்டால் ஸ்கேல் வைத்துக் கூட்டுத்தொகைக்கு அடியில் இரட்டைக் கோடு இழுப்போம். அதில் ஒரு தனி சுகம் உண்டு, கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பேப்பர் வந்தது. 20-க்கு 4.

நான் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். "சார், டாலி ஆயிடுச்சே சார்!"

அவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "ஆமாப்பா, டாலி ஆயிருக்கு. அந்த 5 லட்சத்தைச் சம்பாதிச்சது யாரு?"

"துணைக் கம்பெனி சார்."

"எப்ப சம்பாதிச்சது?"

"நாம வாங்கறதுக்கு முன்னாடி சார்."

"நீ ஊர்ல ஒரு வீட்டை விலைக்கு வாங்குற. உள்ள குதிர் நிறைய நெல் இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்க. மறுநாள் தெருவுல போயி, இந்த வருஷம் எனக்கு இவ்வளவு நெல் விளைஞ்சதுன்னு சொல்லுவியா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. வாங்கிய தேதிக்கு முன்னால் சேர்ந்த லாபம் நாம் விலை கொடுத்து வாங்கிய சரக்கு. அது நம் வெள்ளாமை ஆகாது. 15 லட்சத்தில் 80 சதவீதம் 12 லட்சம். 14 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 லட்சம்தான் நற்பெயர். நான் நற்பெயரை 4 லட்சம் கூட்டிக் காட்டினேன், லாபத்தையும் அதே 4 லட்சம் கூட்டிக் காட்டினேன். சொத்துப் பக்கம் 4 லட்சம் பொய், பொறுப்புப் பக்கம் 4 லட்சம் பொய். இரண்டு பொய்யும் ஒரே அளவு என்பதால் டாலி ஆகிவிட்டது.

பேராசிரியர் பேப்பரின் மூலையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: "டாலி ஆனால் மட்டும் போதாது. இது யாருடைய பணம் என்று கேள்." இந்த வரியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். நான் அதை எவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் அவர் சொன்ன உதாரணம் இன்னும் நினைவிருக்கிறது. கீழமாசி வீதியில் அண்ணன் மளிகை மண்டி வைத்திருக்கிறார். அதே வீட்டுத் தம்பி வில்லாபுரத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். ஒரே சமையல், ஒரே கல்லா. அண்ணன் 80,000 ரூபாய் அடக்கமுள்ள பருப்பைத் தம்பிக்கு ஒரு லட்சத்துக்கு பில் போடுகிறார். அண்ணன் ஏட்டில் 20,000 ரூபாய் லாபம். வருஷக் கடைசியில் தம்பி கடையில் அந்தப் பருப்பில் பாதி மூட்டை அப்படியே கிடக்கிறது. இப்போது குடும்பத்துக்கு எவ்வளவு லாபம்? விற்ற பாதியில் அண்ணன் வைத்த 10,000 லாபம் உண்மை, வெளியாள் காசு கொடுத்து வாங்கிவிட்டான். கிடக்கிற பாதியில் உள்ள 10,000 ரூபாய்? பருப்பு இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வார்களே, அந்தச் சுரைக்காய்தான் அது. அதைக் கழித்துவிட வேண்டும். அதே மாதிரி அண்ணனுக்குத் தம்பி தர வேண்டிய பாக்கியையும் கழித்துவிட வேண்டும். அண்ணன் ஏட்டில் அது வரவேண்டிய சொத்து, தம்பி ஏட்டில் அது தரவேண்டிய கடன், வீட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

"வீட்டுக்குள்ள காசு கைமாறினா வருமானம் கிடையாது. வெளி ஆளு கொடுத்தாத்தான் வருமானம்" என்று முடித்தார். எல்லோரும் சிரித்தோம், எழுதிக்கொண்டோம். யுனிவர்சிட்டி தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன் என்றே நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனி 1902-ம் ஆண்டுக்கே குழுமக் கணக்கு வெளியிட்டது. இங்கிலாந்தில் 1948 கம்பெனிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1956 கம்பெனிச் சட்டத்தின் 212-வது பிரிவு, துணைக் கம்பெனிகளின் கணக்கைத் தாய்க் கம்பெனியின் கணக்கோடு பின் போட்டு இணைக்கச் சொன்னது. ஒன்றாகச் சேர்க்கச் சொல்லவில்லை. ஆக 1989-ல் நாங்கள் ராத்திரி கண் விழித்துப் படித்த கணக்கை, அன்றைக்கு இந்தியாவில் எந்தக் கம்பெனியும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "பரீட்சைக்கு மட்டும் உள்ள கணக்குடா இது" என்று ஹாஸ்டலில் கேலி பேசியிருக்கிறோம். நானும் அப்படியே நம்பினேன்.

இனி நான் சொல்லப் போவது என் வீட்டுக் கதை. இதை மேடையில் சொல்வது இதுவே முதல் தடவை.

நான் பி.காம். முடித்து சி.ஏ.வுக்காகச் சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தேன். இன்டர்மீடியட் பாஸ் பண்ணி, பைனல் எழுதிக்கொண்டிருந்த சமயம். 1995-ல் அப்பா ரிட்டையர் ஆனார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. அந்தக் காலம் எப்படி இருந்தது என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனி, ஏ.சி. போட்ட ஆபீஸ், திறப்பு விழாவுக்கு சினிமா நட்சத்திரம், பேப்பரில் அரைப் பக்க விளம்பரம். அப்படி ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனி, வட்டியும் இன்சென்டிவும் சேர்த்து 24 சதவீதம் தருவதாகச் சொன்னது. பெயர் வேண்டாம், அந்தப் பெயர் இன்று எங்கேயும் இல்லை.

அப்பா அவசரப்படும் மனுஷன் இல்லை. அந்தக் கம்பெனிக்கு நேரில் போய் ஆண்டறிக்கையை வாங்கி வந்திருந்தார். நான் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அதை என் முன்னால் வைத்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. நீதான் படிச்சவன். பார்த்துச் சொல்லு, போடலாமா?"

நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்திருப்பேன். டெபாசிட் 6 கோடி, கொடுத்த கடன் 7 கோடி, அந்த வருஷ லாபம் 22 லட்சம், டிவிடெண்ட் உண்டு, ஆடிட்டர் அறிக்கையில் குறை எதுவும் இல்லை. ஐந்தொகை டாலி ஆகியிருந்தது. அச்சடித்த ஐந்தொகை எப்போதும் டாலி ஆகித்தான் இருக்கும்.

"நல்லாத்தான் இருக்குப்பா, போடுங்க" என்றேன்.

அப்பா 60,000 ரூபாய் போட்டார். மாசம் 1,200 ரூபாய் வந்தது. 20 மாசம் ஒழுங்காக வந்தது. 21-வது மாசம் செக் திரும்பியது. போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது, வாசலில் முந்நூறு பேர். 1997-ல் தமிழ்நாடு முழுக்க இதே கதை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம்தான் டெபாசிட் போட்டவர்களுக்காக டான்பிட் என்று சொல்லும் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. ஓடிப்போன கம்பெனிகளின் சொத்தை முடக்கி, விற்று, பிரித்துக் கொடுக்க அது வழி செய்தது. எங்களுக்கும் பல வருஷம் கழித்து ஒரு சிறு தொகை வந்தது.

60,000 போனதைவிட எனக்கு வலித்தது வேறு. அப்பா மில்லில் தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரிடம், "என் மகன் சி.ஏ. படிக்கிறான், அவனே பார்த்துச் சொல்லிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்கு வருவார், அம்மா கொடுக்கிற காபியைக் குடிப்பார், என் படிப்பைப் பற்றி விசாரிப்பார். அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு நாள் ராத்திரி பரண் மேல் கிடந்த அந்த ஆண்டறிக்கையை எடுத்தேன். இந்தத் தடவை கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். கணக்குக்கான குறிப்புகள் என்று சின்ன எழுத்தில் இருக்குமே, அந்தப் பக்கங்கள். அன்றைக்கு இருந்த கம்பெனிச் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப்படி, ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனைத் தனியாகக் காட்ட வேண்டும். காட்டியிருந்தார்கள். 7 கோடியில் 5 கோடி, அதே நிர்வாக இயக்குநரின் குடும்பம் நடத்திய நான்கு கம்பெனிகளுக்குப் போயிருந்தது. ஒன்று ரியல் எஸ்டேட், ஒன்று தேக்குமரத் திட்டம், மற்ற இரண்டும் என்ன தொழில் என்றே தெரியவில்லை.

கொடுத்த கடனுக்கு அவர்கள் எழுதிக்கொண்ட வட்டி சுமார் 26 சதவீதம். 5 கோடிக்கு 1 கோடியே 30 லட்சம். அதில் ஒரு பைசாவாவது ரொக்கமாக வந்ததா? கடன் தொகை போன வருஷத்தைவிட அவ்வளவுக்கு ஏறியிருந்தது. வட்டியை வாங்கவில்லை, கடனோடு சேர்த்து எழுதிவிட்டு, வருமானம் என்று காட்டியிருந்தார்கள். அண்ணன் மண்டியிலிருந்து தம்பி கடைக்குப் போன பருப்பு மூட்டை! நான் பேராசிரியர் சொன்னபடி பென்சிலை எடுத்து அந்த 1 கோடியே 30 லட்சத்தை அடித்தேன். 22 லட்சம் லாபம், 1 கோடியே 8 லட்சம் நஷ்டமாக மாறியது. அரை மணி நேர வேலை. அப்பா கேட்ட அன்றைக்கே செய்திருக்கலாம். தேவையான எண் முழுவதும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அப்படியானால் டெபாசிட் போட்டவர்களுக்கு மாசா மாசம் வந்த வட்டி எங்கிருந்து வந்தது? புதிதாகப் போட்டவர்களின் முதலிலிருந்து வந்தது. அப்பாவுக்குக் கொடுத்த 1,200 ரூபாயில் மாமாவின் பணமும் இருந்திருக்கலாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள். அந்த நான்கும் துணைக் கம்பெனிகள் அல்லவே, முதலாளி குடும்பத்தின் தனிக் கம்பெனிகள் ஆயிற்றே, குழுமக் கணக்குச் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தாலும் இவற்றைச் சேர்த்திருக்க முடியாதே என்று. சரியான கேள்வி. சட்டப்படி அவை குழுமக் கணக்குக்குள் வராது. அதனால்தான் பாடத்தின் செய்முறையை மட்டும் கற்றால் போதாது என்கிறேன். செய்முறை துணைக் கம்பெனியோடு நின்றுவிடும். இது யாருடைய பணம், வெளி ஆள் கொடுத்ததா என்ற கேள்வி எங்கேயும் நிற்காது, முதலாளியின் மைத்துனர் கம்பெனி வரைக்கும் போகும்.

அதற்குப் பிறகு சட்டம் நிறைய மாறியது. 2001 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் 21-வது கணக்கியல் தரம் நடைமுறைக்கு வந்தது, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் குழுமக் கணக்கு வெளியிட ஆரம்பித்தன. அதே நாளிலிருந்து 18-வது தரமும் வந்தது. உறவுக்காரக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கலை வெளிப்படையாகச் சொல் என்பது அது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 129-வது பிரிவு, துணைக் கம்பெனி வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு, சில விலக்குகள் தவிர, குழுமக் கணக்கைக் கட்டாயமாக்கியது. பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரலிலிருந்து இந்திய கணக்கியல் தரம் 110. அதில் பிடி என்பதற்குப் பாதிக்கு மேல் பங்கு என்ற ஒரே அளவுகோல் கிடையாது. ஆட்டி வைக்கும் அதிகாரம் யாரிடம், லாப நஷ்டம் ஏறி இறங்கினால் யாருக்குப் படும், அந்த அதிகாரத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று மூன்றும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்க்கிற தரம் அது.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. கடனையும் நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்காமல் தனி அமைப்புகளில் ஒதுக்கி வைத்திருந்தது. திவாலாவதற்கு முந்தைய மாதம், 1997-லிருந்து காட்டிய லாபத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் 2018-ல் கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. அக்டோபர் முதல் தேதி மத்திய அரசு தலையிட்டு நிர்வாகக் குழுவை மாற்றியது. முதலில் 169 கம்பெனிகள் என்றார்கள், தோண்டத் தோண்ட 300-க்கு மேல் போயிற்று. குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அரசாங்கமே உட்கார்ந்து எத்தனை கம்பெனி என்று எண்ண வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பி.எஃப். நிதிகளின் பணமும் இருந்தது. எங்கள் அப்பா மாதிரி எத்தனையோ பேரின் கடைசிக் காலப் பணம்.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. இன்றைக்கு நீங்கள் பி.காம்.மில் படித்தாலும், சி.ஏ. இன்டர்மீடியட்டில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் படித்தாலும் இந்தப் பாடம் வரும். மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் என்று நாங்கள் சொன்னதைப் புதிய தரத்தில் கட்டுப்பாடு இல்லாத பங்குதாரர் உரிமை என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மாறினாலும் கணக்கின் உள்ளே இருக்கிற கேள்விகள் ஐந்துதான்.

முதலில், யார் யாரை ஆள்கிறார்கள்? பேனாவைத் தொடுவதற்கு முன் ஒரு கட்டம் போட்டு அம்புக்குறியும் சதவீதமும் எழுதுங்கள். இரண்டாவது, எந்தத் தேதியிலிருந்து? அந்தத் தேதிக்கு முன் சேர்ந்தது குதிர் நெல், பின் சேர்ந்தது உங்கள் வெள்ளாமை. என் உதாரணத்தில் வாங்கிய பிறகு ஒரு வருஷத்தில் துணைக் கம்பெனி 3 லட்சம் சம்பாதித்தால், அதில் 2 லட்சத்து 40 ஆயிரம்தான் குழுமத்தின் லாபம். மூன்றாவது, மீதி யாருடையது? 20 சதவீதம் வைத்திருக்கும் வெளிப் பங்குதாரருக்கு அந்த 3 லட்சத்தில் 60,000 போகிறது. அவர் பங்கு 3 லட்சத்திலிருந்து 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. அவரை மறந்தால் அடுத்தவர் சொத்தை நம் சொத்து என்று எழுதினதாக அர்த்தம். நான்காவது, வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் தர வேண்டியது என்ன? அதை இரு பக்கமும் அடியுங்கள். ஐந்தாவது, விற்காமல் கிடக்கிற சரக்கில் ஒளிந்திருக்கும் லாபம் எவ்வளவு?

விடையைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். டாலி ஆகாவிட்டால் பயப்பட வேண்டாம், எங்கோ தப்பு என்று அதுவே சொல்லிவிடும். டாலி ஆகிவிட்டால்தான் கவனமாக இருக்க வேண்டும். அதற்குமேல் உங்களை யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

வணிகவியல் படிக்காதவர்களுக்கும் ஒன்று. உங்கள் அம்மாவோ அப்பாவோ ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து, "நீதான் படிச்சிருக்க, பார்த்துச் சொல்லு" என்று ஒரு நாள் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். பத்து நிமிஷத்தில் பதில் சொல்லாதீர்கள். இவர்கள் நமக்குத் தருவதாகச் சொல்கிற வட்டியை இவர்களுக்கு யார் தருகிறார்கள் என்று தேடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், "தெரியலைப்பா, போட வேண்டாம்" என்று சொல்லுங்கள். படித்தவன் தெரியலை என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. அன்றைக்கு எனக்கு அந்த வெட்கம் இருந்தது.

1998-ல் நான் சி.ஏ. பைனல் பாஸ் பண்ணினேன். ரிசல்ட் வந்த அன்று அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். மாமாதான் முதலில் வந்து வாழ்த்தினார். அவர் மகள் கல்யாணம் மறு வருஷம் நடந்தது. என் முதல் சம்பாத்தியத்திலிருந்து ஒரு பங்கை அப்பா கையால் அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்க மறுத்தார். "கடனாத்தான் வாங்கிக்குவேன்" என்று சொல்லி வாங்கினார், நாலு வருஷத்தில் திருப்பியும் கொடுத்துவிட்டார். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்பா இப்போது இல்லை. ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். துறைத் தலைவர் அனுமதி தந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை நான் இங்கே வருகிறேன். புத்தகக் கணக்கு வேண்டாம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து படிப்போம். சங்கத்தில் உள்ள மற்ற ஆடிட்டர் நண்பர்களும் முறை போட்டு வரலாம். நாற்காலியும் கரும்பலகையும் போதும்.

எனக்கு 20-க்கு 4 மார்க் போட்ட பேராசிரியர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், அந்தப் பேப்பரை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நீங்கள் போட்ட மார்க் சரிதான் சார்.